திடலுக்கு வந்த சுடுகாட்டு மண்

எங்கள் பள்ளிக்கூடத்துத் திடலின் ஓரத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். புல் பதித்துக் கொடுத்த குத்தகைக்காரரின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவருக்குக் கீழே நன்கொடையாளர்கள், அதற்கும் கீழே பெற்றோர் ஆசிரியர் சங்கம். இந்த ஆண்டு வந்த பள்ளி மலரிலும் இதே கதையை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். படித்தேன். சுத்தப் பொய். எழுதியவருக்கு அது பொய் என்று தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். குத்தகைக்காரர் பதித்த புல் இரண்டு தடவையும் செத்துப்போயிற்று. இன்றைக்குப் பிள்ளைகள் உருண்டு புரளுகிற பச்சை, தோட்டத்துச் சுடுகாட்டிலிருந்து நான் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மண்ணால் வந்தது. பலகையில் இதை எழுத எவருக்கும் தைரியம் வராது. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

நான் அந்தப் பள்ளியின் தோட்டக்காரி. மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் வழியில், எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைகளுக்கு நடுவே இருக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளி அது. ஆறாம் வகுப்பு வரை நானும் அங்கேதான் படித்தேன். அந்தத் திடலில் ஓடி ஒரு கிண்ணம் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதில்தான் சீனி போட்டு வைத்திருக்கிறேன். பிறகு தோட்டத்தில் வேலை. பத்தொன்பது வருஷம் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்தேன். முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்தேன். முதுகுவலியோடு மருந்தடிக்கிற பழக்கமும் கூடவே வந்தது.

எங்கள் ஆட்களுக்குச் சுத்தம் என்றால் என்ன தெரியுமா? மண் தெரிய வேண்டும். செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாக மருந்தடிக்கும்போது ஒரே ஒரு புல் மிச்சமிருந்தாலும் வேலை வாங்குகிற மண்டோர் அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். லயத்து வரிசை வீட்டு வாசலும் அப்படித்தான் இருக்க வேண்டும், கோயில் வளாகமும் அப்படித்தான். வாசலில் புல் முளைத்திருந்தால் அது சோம்பேறி வீடு. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கோயிலைச் சுற்றி மருந்தடித்துவிட்டு, மொட்டைத் தலை மாதிரி இருக்கிற தரையைப் பார்த்து நாங்களே மெச்சிக்கொள்வோம். நானும் மெச்சியவள்தான். இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வேண்டும். சுண்ணாம்பில் போட்டால் இங்கே பெய்கிற மழைக்கு ஒரு நாள் தாங்காது. நான் என்ன செய்தேன்? கயிற்றைக் கட்டி, கயிற்றோரமாகவே களைக்கொல்லியை அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் புல் கருகி, ஆறு தடமும் கோடு போட்ட நோட்டு மாதிரி பளிச்சென்று நின்றன. அப்போதிருந்த தலைமையாசிரியர் காலைச் சபைகூடலில் என்னை முன்னால் கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். பெற்றோர்களும் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷமும் அதே இடத்தில் கோடு, அதற்கடுத்த வருஷமும். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் கோட்டோடு நிற்காமல் கோரை, தொட்டாற்சிணுங்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கை நான் பத்து வருஷம் உட்கார்ந்து பிடித்தேன்.

பத்து வருஷத்தில் திடல் செத்தது. முதலில் கோடுகள் அகலமாயின. பிறகு கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த புல் மெலிந்தது. கடைசியில் வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிப்பு, மழைக் காலத்தில் வழுக்குகிற பாசி. எங்கள் பக்கத்து மண் கடலோரக் களி, மூடாமல் விட்டால் கல்லாகிவிடும். பிள்ளைகள் விழுந்தால் முட்டியில் தோல் உரிந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மழையைச் சொன்னார்கள், வெயிலைச் சொன்னார்கள், பக்கத்துச் செம்பனை ஆலையின் புகையைக்கூடச் சொன்னார்கள்.

சங்கம் புஞ்சாக் ஆலாமிலிருந்து ஒரு குத்தகைக்காரரைக் கூட்டிவந்தது. அவர் இயந்திரம் வைத்து மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தினார், எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து கொட்டினார், உருளை ஓட்டி அமுக்கினார், அதன் மேல் சுருட்டிக் கொண்டுவந்த புல்லைப் பாய் மாதிரி விரித்தார். எல்லாம் ஒரே ரகப் புல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் வட்டம் வட்டமாகப் பழுப்பு விழுந்து, பாயைத் தூக்கினால் அப்படியே கையோடு வந்தது. அடியில் வேர் இறங்கவே இல்லை. மறுபடி விரித்தார்கள். மறுபடி செத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குத்தகைக்காரர் மண் சரியில்லை என்று சொல்லிவிட்டார். சரியில்லாத மண்ணைக் கொட்டியவரே அவர்தானே என்று யாரும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் அப்போதுதான் கல் பாவுகிற பேச்சை எடுத்தார். அவர் நாலு லோரி வைத்து ஓட்டுகிறவர். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இப்போது பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மாடி வீடு கட்டியிருக்கிறார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. திடலுக்குச் சிமெண்டுக் கல் பாவிவிடலாம், கார் நிறுத்தலாம், கூரை போட்டால் விழா நடத்தலாம் என்றார். தலையாட்ட நாலு பேர் இருந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அதை விட்டால் ஓட இடம் ஏது? ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் லோரி பறக்கிற சாலை. பாதிப் பேர் குடியிருப்பது அடுக்குமாடி வீடுகளில். கல் பாவினால் பாவினதுதான், இனி எந்தக் காலத்திலும் திடல் திரும்பி வராது. அதைக் கொன்றவளும் நான்தான். தலைமையாசிரியையிடம் போய், நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் வரை எனக்கு விட்டுவிடுங்கள், அதற்குள் பச்சை பிடிக்காவிட்டால் உங்கள் இஷ்டம் என்று கேட்டேன். இப்போதிருக்கும் தலைமையாசிரியை அதிகம் பேசமாட்டார். சரி என்று மட்டும் சொன்னார். எப்படிச் செய்யப்போகிறேன் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

பதில் தீபாவளிக்கு முன்னால் கிடைத்தது. தீபாவளிக்கு முன்னால் நாங்கள் சுடுகாட்டுக்குப் போய், எங்கள் ஆட்களின் சமாதியைத் துப்புரவு செய்து, விளக்கேற்றிப் படைத்துவிட்டு வருவோம். சுடுகாடு என்று பேர்தான், அங்கே புதைப்பதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். குலை வெட்டும் வேலையில் இருந்தவர், நெஞ்சுவலியில் போனார். பாராங் கத்தியும் கையுமாக அவர் தலைமாட்டில் உட்கார்ந்து புல்லை அறுத்துக்கொண்டிருந்தேன். அறுக்க அறுக்க ஒரு விஷயம் உறைத்தது. அங்கே இருந்தது ஒரே வகைப் புல் இல்லை. அருகம்புல், அகல இலைப் புல், சேலையில் ஒட்டிக்கொள்கிற ஒட்டுப்புல், கோரை, தொட்டாற்சிணுங்கி, மூன்று மூன்று இலையாகத் தரையோடு படர்கிற சின்னச் செடி என்று ஒரு சாண் இடத்தில் ஏழெட்டு வகை பின்னிக் கிடந்தது. யாரும் அதற்கு உரம் போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். நாங்கள் மருந்தடிக்காத ஒரே இடம் அது. ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் மண்டோர், சுடுகாட்டையும் அடித்துவிடுங்கள், வருகிற ஜனங்களுக்கு அறுக்கிற வேலை மிச்சம் என்றார். நான் பம்பை இறக்கிக் கீழே வைத்துவிட்டேன். செத்தவர்கள் வாயில் விஷம் ஊற்ற என்னால் முடியாது, வேண்டுமானால் நீங்கள் அடியுங்கள் என்றேன். என் பின்னால் நின்ற பெண்களும் இறக்கி வைத்தார்கள். அன்றைக்கு அரைநாள் சம்பளம் போயிற்று, போகட்டும். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செத்தவர்களுக்குக் காட்டிய மரியாதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் காட்டவில்லையே என்று, வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அழுதுவிட்டு ஒரு கொத்துப் புல்லை வேரோடு பிடுங்கினேன். மண் உதிரவில்லை. அவல் மாதிரி சின்னச் சின்னக் கட்டியாக வேரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. முகர்ந்தால் முதல் மழை வாசனை. வேருக்கு நடுவே நூலைவிட மெல்லிசாக வெள்ளை இழைகள். தொட்டாற்சிணுங்கியின் வேரில் கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக உருண்டைகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. மறுநாள் பள்ளித் திடலில் மிச்சமிருந்த புல்லையும் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கழுவி எடுத்தது போல வெறுமையாக வந்தது. மண்ணில் துருப்பிடித்த தகரத்தின் வாடைதான் அடித்தது.

அந்த உருண்டைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நடும்போது, மண்ணை மூடுவதற்காக ஒரு பயற்றங்கொடியை விதைப்போம். விதைக்கும் முன் அந்த விதையைக் கஞ்சியில் பிசைந்து ஒரு கறுப்புத் தூளைப் புரட்ட வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது இதை வெயிலில் வைக்காதீர்கள், இதற்குள் உயிர் இருக்கிறது என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். புழுகூட இல்லாத கரித்தூளில் உயிராம்! ஒரு தடவை பேச்சைக் கேட்காமல் பொட்டலத்தை வெயிலில் போட்டுவிட்டோம். அந்தப் பாத்தியில் கொடி மஞ்சளாக, நோஞ்சானாக வந்தது. வேரில் உருண்டையே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. விதை சரியில்லை என்றுதான் சொன்னேன், இந்தக் குத்தகைக்காரர் சொன்ன மாதிரியே.

எங்கள் அறிவியல் ஆசிரியை புக்கிட் செந்தோசாவிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வருகிற பெண். இரண்டு மண்ணையும் இரண்டு தகர டப்பாவில் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். செடி வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசியவிடுகிறதாம். அதைத் தின்பதற்காகவே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேரைச் சுற்றிக் குடியிருக்கின்றனவாம். சாப்பிட்ட சோற்றுக்கு அவை வேலை செய்கின்றன. அந்த வெள்ளை இழை பூஞ்சை. வேர் எட்டாத இடத்துக்குப் போய்ச் சத்தை இழுத்துவந்து கொடுக்கிறது. அந்த உருண்டைக்குள் இருப்பது காற்றிலிருந்து உரம் எடுக்கிறது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒவ்வொரு மாதிரிக் கூட்டம். ஏழெட்டு வகைப் புல் சேர்ந்து நின்றால் கீழேயும் பல கூட்டம் நிற்கும். ஒரே வகையை விரித்தால் அதைப் பிடிக்கிற நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

அப்படியென்றால் என் மருந்துதான் அத்தனையையும் கொன்றதா என்று கேட்டேன். அந்தப் பெண் மழுப்பவில்லை.

"மருந்து கொன்னது கொஞ்சம்தான் ஆன்ட்டி. செடியே இல்லாம பத்து வருசம் பட்டினி போட்டீங்களே, அதுல போனதுதான் நிறைய. மிச்சம் இருந்ததை அந்தக் குத்தகைக்காரரு மிஷின் வச்சு சுரண்டிட்டாரு."

பட்டினி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் பட்டினி கிடந்து வளர்ந்தவள். யாரையும் பட்டினி போட்டவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பட்டினி கிடந்தவருக்கு உடனே விருந்து வைக்கக் கூடாது, கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். குத்தகைக்காரர் விரித்தது விருந்து. எனக்கு வேண்டியது உறை மோர். ஒரு கரண்டி உறை மோர் ஊற்றினால் ஒரு பானைப் பாலும் தயிராகிறதே, அப்படி உயிருள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திடலில் கலந்துவிட வேண்டும். அந்த மாதிரி மண் இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? சுற்றிலும் எல்லா இடத்திலும் நானும் என் கூட்டாளிகளும் மருந்தடித்து முடித்துவிட்டோம். ஒரே இடம்தான் பாக்கி.

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தபோது கேட்பானேன்? என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். சமாதிகளைத் தொடவில்லை, நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கை அகலத்துக்குப் பத்தை பத்தையாக, வேரும் மண்ணும் சேர வெட்டினேன். வெட்டிய இடம் தெரியாதபடி விட்டு விட்டு வெட்டினேன். உரச் சாக்கில் போட்டு, மோட்டாருக்குப் பின்னால் கட்டி, ஈரச் சாக்கால் மூடினேன். இந்தத் தடவை வெயில் பட விடவில்லை. மொத்தம் இருபத்துமூன்று சாக்கு. தினமும் காலை ஆறரைக்கெல்லாம் திடலுக்கு வந்து, கடப்பாறையால் முழத்துக்கு ஒரு குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பத்தையை அழுத்திக் காலால் மிதித்தேன். சமாதியில் அறுத்த புல்லையே மேலே பரப்பினேன். பம்பைக் கொண்டுபோய்ச் சாமான் அறையில் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியை மேசையில் வைத்தேன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திடலில் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கண்டெடுத்து, அதை வைத்துப் பாண்டி விளையாடியிருக்கிறாள். சிற்றுண்டிச் சாலைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டார். மண்பானைச் சில்லு. அதன் நடுவில் கத்தியால் கொத்திய ஓர் ஓட்டை. எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காரியம் செய்கிற மகன் தோளில் சுமந்து சுற்றி வரும்போது ஓட்டை போட்டு, கடைசியில் போட்டு உடைப்பார்களே, அந்த நீர்க்குடத்தின் சில்லு அது. மண்ணைச் சலித்துப் போட்டிருக்க வேண்டும். சலிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், அந்தச் சில்லின் படம் எல்லார் கைப்பேசிக்கும் போய்விட்டது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். காய்ச்சலில் கிடந்த ஒரு பையனின் அம்மா, அவன் அந்தத் திடலில்தான் விளையாடினான் என்று எழுதினார். அன்றைக்கு ஊரெல்லாம் காய்ச்சல், அதை யாரும் எழுதவில்லை. மோட்டாரில் சாக்கோடு நான் போனதைப் பார்த்த ஒருவர் அதையும் போட்டார். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதற்கு மறுநாள் பள்ளி மண்டபத்தில் கூட்டம்.

சங்கத் தலைவர் சில்லைக் காகிதத்தில் சுற்றி மேசை மேல் வைத்திருந்தார். சத்தம் போடவில்லை அவர். எனக்கு அவரைவிட வயது அதிகம், அந்த மரியாதையை விடாமலே கேட்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. சுடுகாட்டு மண்ணையா பிள்ளைங்க விளையாடுற பாடாங்ல கொட்டுனீங்க?"

மண்டபத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன், மறுநாளே கல் பாவியிருப்பார்கள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? எழுந்து நின்றேன்.

"ஆமா தம்பி. ஒரு சாக்கு இல்ல, இருபத்துமூணு சாக்கு. நானே வெட்டி நானே கொண்டாந்தேன். அங்க யாரு படுத்திருக்கா? என் வீட்டுக்காரரு. உங்கப்பா. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பலகை சுமந்து கூரை போட்டவங்க. உங்கப்பா உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்து இந்த வாசல்ல விட்டாரு, நான் பார்த்திருக்கேன். அன்னிக்கு அவரு தோளு தீட்டு இல்ல, இன்னிக்கு அவரு கிடக்குற மண்ணு தீட்டா?"

நான் அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"பத்து வருசமா இந்தத் திடல்ல நான் விஷம் அடிச்சேன். உங்க பிள்ளைங்க அதுலதான் விழுந்து எழுந்திருச்சுங்க. அன்னிக்கு ஒருத்தரும் கூட்டம் போடல. கைதட்டுனீங்க."

பிறகு வெகுநேரம் எல்லாரும் பேசினார்கள். மண்ணை வாரிக் கொட்டிவிட வேண்டும் என்றவர்கள் பாதி. அறிவியல் ஆசிரியை எழுந்து மண்ணைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேர் கேட்டார்கள். கடைசியில் தலைமையாசிரியை, பள்ளி திறக்கிற நாள் வரை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவரை யாரும் எதையும் தோண்ட வேண்டாம் என்று முடித்துவைத்தார். சுடுகாட்டு மண் வந்ததற்குப் பரிகாரமாகக் கோயில் பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெட்டிக் கற்பூரம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. எனக்கு ஆட்சேபணை இல்லை, கற்பூரத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் கொளுத்துங்கள், புல்லின் மேல் வேண்டாம் என்றேன். பூசாரியே சிரித்துவிட்டார். சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. பள்ளி திறக்கிற அன்றைக்கு விடிந்ததும் ஆளோடு வருவதாகவும், களையாகக் கிடந்தால் மருந்தடித்துக் கருக்கிவிட்டு மறுவாரம் கல் இறக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

விடுமுறை முழுக்க நான் ஒரு நாள் தவறாமல் போனேன். மழையும் வேண்டிய அளவுக்குப் பெய்து கைகொடுத்தது, நல்ல வேளை. முதலில் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் கிளம்பின. வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, என்னலா காடாக்கிட்டீங்க என்று கிண்டல் செய்தார்கள். பிடுங்கக் கை அரித்தது. முப்பது வருஷத்துப் பழக்கம் அது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு மூன்றிலைச் செடி குழிக்குக் குழி கைநீட்டிப் படர்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம். குத்தகைக்காரர் விரித்துச் செத்துப்போனது என்று நாங்கள் கைவிட்ட புல், ஒவ்வொரு பத்தையைச் சுற்றியும் பச்சை கட்ட ஆரம்பித்தது. முதலில் தட்டு அகலம், பிறகு முறம் அகலம். வட்டமும் வட்டமும் தொட்டுக்கொண்டன. நான் கோடு கிழித்த இடங்கள் மட்டும் கடைசி வரை முரண்டு பிடித்தன. ஆறு தடமும் பழைய தழும்பு மாதிரி தெரிந்துகொண்டே இருந்தன. அங்கே மட்டும் இரண்டாம் தடவை மண் போட்டேன், இந்த முறை சலித்து.

பள்ளி திறக்கிற அன்று விடிந்ததும் சங்கத் தலைவர் வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. கூடவே முதுகில் பம்போடு ஒரு வங்காளதேசத்து ஆள். அந்தப் பம்பைப் பார்த்ததும் என் முதுகு வலித்தது. நான் திடலின் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"அடிக்கணும்னா என் மேல அடிச்சிட்டு அடிங்க தம்பி. எனக்கு அது பழகுன தண்ணிதான்."

அவர் அந்த ஆளை ஓரத்தில் நிறுத்திவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன். பாதி தூரத்தில் அவர் நடை மெதுவாயிற்று. காலடியில் மெத்தென்று அமுங்குவதைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"எங்கப்பா பக்கத்து மண்ணு எது, அக்கா?"

நான் ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாது தம்பி. வழியோரமா வெட்டுனது. எல்லாரும் கலந்துதான் வந்திருக்காங்க."

அவர் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கோல் கம்பம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். பம்பு வைத்திருந்தவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். சற்று நேரத்தில் பிள்ளைகளின் பேருந்து வந்தது. அவருடைய மகள்தான் முதலில் ஓடி வந்தாள். புல்லில் விழுந்து ஓர் உருளல் உருண்டாள். அவர் தடுக்கவில்லை.

பலகையில் குத்தகைக்காரர் பெயரைப் போட்டதும் அதே சங்கத் தலைவர்தான். வேறு யார் பெயரைப் போடுவது அக்கா, சுடுகாடு என்றா எழுத முடியும் என்று கேட்டார். எழுதலாம், ஏன் எழுதக் கூடாது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். போகட்டும். விளையாட்டுப் போட்டிக்கு இப்போது கயிறுதான் கட்டுகிறேன், முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறேன். நாலு தடத்தின் கோடு மறைந்துவிட்டது, இரண்டு இன்னும் தெரிகிறது.

எனக்குப் பின்னால் வருகிற தோட்டக்காரருக்கும், தலைமையாசிரியருக்கும், சங்கத்துக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். அந்தத் திடலில் இனி ஒரு சொட்டு மருந்து விழ வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் விழ வேண்டும். நான் செத்துப்போனால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக எனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். திடலில் எங்காவது புல் பழுத்தால் அங்கே வந்து ஒரு சாக்கு வெட்டிக்கொண்டு போங்கள். வெயில் படாமல் மூடிக் கொண்டுபோங்கள். மறக்காமல் சலித்துப் போடுங்கள்.